வெட்டப்பட்ட மலையில் காட்டை மீட்பது: ஊர்க்குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலைச்சரிவில் இருந்த காடு லாரி லாரியாக இறங்கிப் போய்விட்டது. ஒப்பந்தக்காரர்களும் போய்விட்டார்கள். அடிக்கட்டைகளும் மரம் இழுத்த தடங்களும் புதரும்தான் மிச்சம். அந்தச் சரிவின் கீழே வாழ்பவர்கள் கூடி உட்கார்ந்து, காட்டைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பேசும்போது எழும் கேள்விகள் எந்த நாட்டு மலையானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் கீழே. கன்று நடுவதைப் பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும். மொத்த வேலையிலும் அது கொஞ்சம்தான்.

வெட்டிய மலையைச் சும்மா விட்டாலே காடு வந்துவிடாதா?

பல இடங்களில் வந்துவிடும். பக்கத்தில் எங்காவது பழைய காடு மிச்சமிருக்க வேண்டும், மேல்மண் அரித்துப் போயிருக்கக் கூடாது, ஆண்டுதோறும் தீ பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் இயற்கையே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில் தானாக மீண்ட வெப்பமண்டலக் காடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. மண் வளம் 10 ஆண்டுக்குள் பழைய காட்டின் நிலையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது, காட்டின் அமைப்பும் மர வகைகளின் எண்ணிக்கையும் 25 முதல் 60 ஆண்டுகளில் திரும்புகின்றன, ஆனால் பழைய காட்டில் இருந்த அதே மரங்கள் அதே விகிதத்தில் வர 120 ஆண்டுக்கு மேல் ஆகும் என்பது அதன் முடிவு.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை பெரும்பாலும் அளவாகப் பயன்படுத்தி விட்டுவிட்ட நிலங்கள். திரும்பத் திரும்ப வெட்டி, எரித்து, மேய்த்த சரிவு வேறு கதை. அங்கே புல்லும் உண்ணிச்செடியும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் புல் எரியும், எரிந்த இடத்தில் மறுபடி புல்லே வரும். அந்தச் சுழலை யாராவது நடுவில் புகுந்து உடைத்தால்தான் மரம் வரும்.

நம் மலை எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நடந்து போய் எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 5 மீட்டர் கயிறு ஒன்று, ஒரு முளைக்குச்சி, ஒரு நோட்டு. குச்சியை ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் முழங்கால் அளவுக்கு மேல் வளர்ந்த மரக்கன்றுகள், துளிர் விடும் அடிக்கட்டைகள், தப்பி நிற்கும் மரங்கள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். மேடு, பள்ளம், ஓடைக்கரை என்று வெவ்வேறு இடங்களில் பத்து வட்டமாவது போட வேண்டும். சாலைக்குப் பக்கத்திலேயே பத்தையும் போட்டுவிட்டு வருவது மனித இயல்பு; அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் காடு மீட்பு ஆய்வுப் பிரிவு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வட்டத்துக்குச் சராசரியாக 25 அல்லது அதற்கு மேல் இருந்து, அவை பல வகை மரங்களாகவும் இருந்தால் நடவே வேண்டாம், பாதுகாத்தால் போதும். அதைவிடக் குறைவு என்றால், இருப்பதையும் சேர்த்து ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3,100 மரங்கள் வரும்படி குறைவதை மட்டும் நடுவது. வட்டத்தில் ஏற்கனவே 15 இருக்கிறதென்றால், 25 குழி தோண்டுவது பணத்தையும் முதுகையும் வீணாக்கும் வேலை.

இந்த எண்ணும் வேலையை வெளியிலிருந்து வரும் நிபுணரிடம் விட்டுவிடாதீர்கள். ஊர்க்காரர்களே எண்ணினால், புல்லுக்குள் இத்தனை மரம் ஒளிந்திருக்கிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். அப்புறம் அந்தப் புல்லில் தீ வைக்க மனம் வராது.

எண்ணிய கன்றுகளை என்ன செய்வது?

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். சுற்றிலும் அரை மீட்டருக்குக் களையை வேரோடு எடுத்து, எடுத்த களையையே மூடாக்காகப் போடுங்கள். நடுவில் இருக்கும் நீண்ட புல்லை வெட்டுவதைவிட, ஒரு பலகையை வைத்து மிதித்துச் சாய்த்துவிடுவது நல்லது. வெட்டிய புல் வேர்க்கிழங்கிலிருந்து உடனே துளிர்க்கும். சாய்ந்த புல் தன் நிழலாலேயே தன்னை அமுக்கிக்கொள்ளும். பிலிப்பைன்ஸ் மலைகளில் பரவலான உத்தி இது. பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டே போவார்கள்.

அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கவே கூடாது. உயிருள்ள அடிக்கட்டைக்கு ஏற்கனவே ஆழமான வேர் இருக்கிறது. எந்த நாற்றங்கால் கன்றும் அதனுடன் போட்டி போட முடியாது. பத்து துளிர் வந்தால் வலுவான இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் போதும். எத்தியோப்பியாவின் ஹும்போ மலைப்பகுதியில் சுமார் 2,700 ஹெக்டேர் மொட்டைச் சரிவை ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் முக்கியமாக இந்த வழியில்தான் பசுமையாக்கின. வேலை தொடங்கியது 2006-இல். மேய்ச்சலை நிறுத்தி, அடிக்கட்டைத் துளிர்களைக் கழித்துவிட்டு, குறைந்த இடத்தில் மட்டும் கன்று நட்டார்கள்.

மரம் இழுத்த தடங்களிலும் லாரிப் பாதைகளிலும் எதுவும் முளைப்பதில்லையே?

கனரக வண்டிகள் ஏறிய மண் செங்கல்போல் இறுகிப் போயிருக்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். அப்படியே விட்டால் பல பத்தாண்டுகள் கழிந்தும் அந்த இறுக்கம் இருக்கும். மர வெட்டு நடந்த மலையிலிருந்து ஓடைக்கு வரும் வண்டலில் பெரும்பங்கு இந்தப் பாதைகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே நடவுக்கு முந்தைய முதல் வேலை பாதை வேலை. பாதையின் குறுக்கே சாய்வாக வரப்புகள் வெட்டி நீரைப் பக்கத்துப் புதருக்குள் திருப்பிவிட வேண்டும். மேல் மண்ணைக் கடப்பாரையால் கிளறி, சருகும் கிளைகளும் பரப்ப வேண்டும். பாதைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் ஓடைக் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். இனி யாரும் பயன்படுத்தாத பாதையை வண்டி ஏற முடியாதபடி வெட்டி மூடிவிடுங்கள். பாதை திறந்திருக்கும் வரை மிச்ச மரங்களுக்கும் லாரி வந்துகொண்டேதான் இருக்கும்.

மரம் வெட்டிப் பல ஆண்டுகள் கழித்து நிலச்சரிவு வருவது ஏன்?

வெட்டிய மரத்தின் வேர் உடனே செத்துவிடாது. மெல்ல மெல்ல மக்கும். அது மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் வலு ஆண்டுக்காண்டு குறையும். புதிய மரங்களின் வேர் அந்த இடத்தை நிரப்ப நாளாகும். வெட்டி மூன்று ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டு வரையிலான காலம்தான் மிக ஆபத்தானது என்பது பல மலைகளில் கண்ட உண்மை. "அப்போதே சரியவில்லை, இனி என்ன சரியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெற்குத் தாய்லாந்தில் 1988 நவம்பரில் பெருமழையில் மொட்டைச் சரிவுகள் இடிந்து, வெட்டிய மரங்களும் மண்ணும் ஊர்கள்மீது வந்து விழுந்தன. சில நூறு பேர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில், 1989 ஜனவரியில், அந்த நாடு முழுக்க இயற்கைக் காடுகளில் வணிக மர வெட்டு தடை செய்யப்பட்டது. சீனாவிலும் 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகுதான் தடை வந்தது.

செங்குத்தான சரிவில் நடும்போது ஒரு விஷயம்: ஏற்கனவே இருக்கும் புதரையும் புல்லையும் மொத்தமாகச் செதுக்கிவிட்டு நடாதீர்கள். கன்றைச் சுற்றி மட்டும் களையெடுங்கள். மிச்சம் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும்.

எந்த மரங்களை நடுவது?

அந்த மலையில் அந்த உயரத்தில் முன்பு இருந்தவற்றை. அதற்கு முதல் ஆதாரம் ஊரில் வயதானவர்களின் நினைவு. அடுத்தது ஓடைப் பள்ளங்களிலும் பாறை இடுக்குகளிலும் கோயில் காடுகள் போன்ற இடங்களிலும் தப்பிக் கிடக்கும் துண்டுக் காடுகள்.

இருந்த எல்லா மரத்தையும் நடத் தேவையில்லை. இருபது முதல் முப்பது வகை போதும், தேர்வு சரியாக இருந்தால். நாம் தேடுவது இந்தக் குணங்கள்: வெட்டவெளியில் தாக்குப்பிடிக்க வேண்டும், சீக்கிரம் அடர்ந்து களைக்கு நிழல் போட வேண்டும், சில ஆண்டுகளிலேயே பறவையும் வௌவாலும் தேடி வரும் பழமோ தேனோ தர வேண்டும். தீயில் கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்தால் இன்னும் நல்லது. அத்தி இன மரங்கள் எந்த வெப்பமண்டல மலையிலும் இந்தப் பட்டியலில் இருக்கும். இவை வந்துவிட்டால் மற்ற விதைகளைப் பறவைகளே சுமந்து வந்து போட்டுவிடும். சியாங் மாய் குழு மோங் பழங்குடி ஊர் ஒன்றுடன் சேர்ந்து, கைவிட்ட மலைவயல்களில் இந்த முறையில் நட்டது. எட்டு ஒன்பது ஆண்டுகளில், யாரும் நடாத எழுபதுக்கும் மேற்பட்ட மர வகைகள் அங்கே தாமாக முளைத்திருந்தன. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட மகிழ்ச்சியான எண் இல்லை.

ஒரு வரம்பு உண்டு. பெரிய விதை உள்ள மரங்களை இருவாச்சி, புனுகுப்பூனை போன்ற சில உயிர்கள்தான் கொண்டுபோகும். அந்த உயிர்கள் வேட்டையில் அழிந்த மலையில் அத்தகைய மரங்களை மனிதர்தான் கையால் நட வேண்டும்.

சீக்கிரம் வளரும் ஒரே வகை மரத்தை நட்டால் என்ன? பணமும் வருமே?

தைலமரம், பைன், சீகை (வாட்டில் மரம்) போன்றவற்றைத்தான் சொல்கிறீர்கள். விறகுத் தோப்பாகவோ விற்பனைத் தோப்பாகவோ ஊருக்கு அருகில் ஒரு பகுதியில் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அதைக் காடு என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் சரி. வரிசையாக நிற்கும் ஒரே வயது மரங்கள் ஒரே நோயில் விழும், ஒரே தீயில் எரியும், வெட்டும் நாளில் சரிவு மறுபடி மொட்டையாகும். இவற்றில் சில தோப்பைத் தாண்டிப் பரவி, பிறகு அவற்றைப் பிடுங்கவே தனித் திட்டம் போட வேண்டிவரும்.

மரம் நடவே கூடாத இடம் என்று ஏதாவது உண்டா?

உண்டு. எல்லா மொட்டை மலையும் வெட்டப்பட்ட மலை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் சோலைக் காடுகள் பள்ளங்களில் மட்டும் இருக்க, சுற்றிலும் பரந்திருப்பது இயற்கையான புல்வெளி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்தப் புல்வெளியின் செடி. அதை வெறும் நிலம் என்று நினைத்து ஆங்கிலேயர் காலத்திலிருந்தே சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். பெரும்பரப்புப் புல்வெளி போய்விட்டது. உங்கள் மலையில் அடிக்கட்டையே இல்லாத, பெரியவர்கள் யாரும் மரம் பார்த்ததாகச் சொல்லாத புல்வெளி இருந்தால் கடப்பாரையைக் கீழே வையுங்கள்.

விதைகளை எப்படிச் சேகரிப்பது?

ஒரே தாய்மரத்தின் அடியில் கூடை நிரப்பிக்கொண்டு வருவதுதான் எளிது, அதுதான் தவறும். ஒரு வகைக்கு இருபத்தைந்து மரங்களிலிருந்தாவது, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்களாகப் பார்த்துச் சேகரியுங்கள். இல்லாவிட்டால் நாளைக்குக் காடு முழுக்க உடன்பிறந்தவர்களாக நிற்கும். அவற்றின் அடுத்த தலைமுறை பலவீனமாகிவிடும். எந்த மரம் எந்த மாதம் காய்க்கிறது என்று ஒரு சுவர்க் காலண்டரில் குறித்து வாருங்கள். இரண்டு ஆண்டில் அது விலைமதிப்பில்லாத ஆவணமாகிவிடும். ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையை உலர்த்தி வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும், சில வாரங்களுக்குள் விதைத்தாக வேண்டும். மாடுமேய்ப்பவர்களும் தேன் எடுப்பவர்களும்தான் இதில் உண்மையான நிபுணர்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து, பெயரையும் பதிவு செய்யுங்கள்.

நாற்றங்காலில் கவனிக்க வேண்டியது என்ன?

மூன்று மட்டும் சொல்கிறேன். ஒன்று, பையின் அடியில் வேர் சுருண்டுகொண்டால் அந்தக் கன்று நட்ட பிறகு தடுமாறும், சில ஆண்டுகள் கழித்துக் காற்றில் சாயும். ஆகவே பையைத் தரையிலிருந்து உயர்த்திய கம்பி வலைமேல் வைத்தால் வெளியே வரும் வேர் காற்றுப்பட்டுத் தானே கருகும். இரண்டு, நடவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்துக் கன்றைப் பழக்க வேண்டும். செல்லமாக வளர்ந்த கன்று மலைவெயிலில் ஒரு வாரம் நிற்காது. மூன்று, நாற்றங்கால் மலைக்குப் பக்கத்தில், முடிந்தால் அதே உயரத்தில் இருக்கட்டும். லாரியில் குலுங்கி வரும் கன்றுகள் பலவற்றுக்கு வேர் அறுந்திருக்கும்.

எப்போது நடுவது?

மண் நன்றாக ஈரமானதும், மழைக்காலத்தின் தொடக்கத்தில். முழு மழைக்காலமும் வேர் பிடிக்கக் கிடைக்க வேண்டும். விழாவுக்குத் தலைவர் வரும் தேதிக்காக நடவைத் தள்ளிவைப்பது கன்றுகளைக் கொல்லும் மிகச் சாதாரணமான வழி. இடைவெளி ஏறக்குறைய 1.8 மீட்டர், நேர்வரிசை வேண்டாம். குழி பையைவிட இரண்டு மடங்கு இருந்தால் போதும்.

விதைப்பந்து வீசினால் வேலை சுலபமாக முடிந்துவிடாதா?

வீசுபவர்களுக்குச் சுலபம். புல் மூடிய சரிவில் விழும் விதையில் பெரும்பங்கை எறும்பும் எலியும் தின்றுவிடும். முளைத்ததையும் களை அமுக்கிவிடும். பெரிய விதையுள்ள சில மரங்களை, களை எடுத்த இடத்தில், மண்ணுக்குள் புதைத்து நேரடியாக விதைப்பது சில வேளை நன்றாகவே வரும். கன்று வளர்க்கும் செலவும் மிச்சம். ஆனால் அதற்கும் களையெடுப்பு வேண்டும். பிள்ளைகளுக்கு விதைப்பந்து பிடிப்பது நல்ல விளையாட்டு. அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

நட்ட பிறகு எவ்வளவு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதல் இரண்டு மழைக்காலங்களில் மூன்று நான்கு முறை களையெடுப்பு. மூன்றாம் ஆண்டில் தேவைக்கேற்ப. நல்ல இடத்தில் இரண்டு மூன்று ஆண்டில் மேலே இலைகள் கூடி நிழல் விழும். அதன்பின் களை தானே தளரும். வளம் குறைந்த மண்ணில் ஐந்து ஆண்டும் ஆகலாம். இந்த ஆண்டுகளுக்கான கூலியை முதல் நாள் பட்ஜெட்டிலேயே ஒதுக்கி வைக்காத திட்டம் நடவுத் திட்டம் இல்லை, புகைப்படத் திட்டம். பத்தாயிரம் கன்று நட்டுக் கைவிடுவதைவிட இரண்டாயிரம் கன்று நட்டு இரண்டு ஆண்டு களையெடுப்பது மேல். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துப் போக வேண்டுமென்றால் அது இதுதான்.

தீயை எப்படித் தடுப்பது?

கோடைக்கு முன்பே நடவுப் பகுதியைச் சுற்றிப் பத்து மீட்டர் அகலத்துக்காவது புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். கோடையில் முறைவைத்துக் காவல் வேண்டும். மேட்டில் ஒரு ஆள், கீழே தண்ணீர் முதுகுப்பையும் தீத்தட்டிகளும்.

ஆனால் தீ பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தேவையிலிருந்து வருகிறது. இளம்புல் வேண்டும் என்று மேய்ப்பவர் வைக்கிறார். வயலைச் சுத்தம் செய்ய வைத்த தீ ஏறிவருகிறது. வேட்டைக்காக வைக்கிறார்கள். திட்டத்தில் தன்னைச் சேர்க்கவில்லை என்ற கோபத்திலும் வைக்கிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றி அறிக்கைகளில் யாரும் எழுதுவதில்லை. கோடு எவ்வளவு அகலமாக வெட்டினாலும் கூட்டத்துக்கு அழைக்கப்படாத குடும்பம் ஒன்று இருக்கும்வரை மலைக்குப் பாதுகாப்பு இல்லை.

ஆடு மாடுகளும் விறகும்? மக்கள் எங்கே போவார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. மலையை மூடினால், அடுத்த நாள் விறகுக்கும் புல்லுக்கும் அவர்கள் எங்கே போவார்கள் என்று முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். முழு மலையையும் ஒரே நேரத்தில் மூடக் கூடாது. ஒரு பகுதியை மூன்று நான்கு ஆண்டு மூடி, மரங்கள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் திறந்து, அடுத்ததை மூடலாம். மூடிய இடத்தில் மாடு போகக் கூடாது, ஆனால் அரிவாளோடு மனிதர் போய்ப் புல் அறுத்துவரலாம் என்ற ஏற்பாடு பல ஊர்களில் நன்றாக நடக்கிறது. களையெடுப்பு பாதி அதிலேயே முடிந்துவிடும்.

தென் கொரியாவைப் பாருங்கள். கொரியப் போர் முடிந்தபோது அதன் மலைகள் பெரும்பாலும் மொட்டை. 1973-இல் தொடங்கிய பத்தாண்டு வனத் திட்டத்தை, ஊர் வனக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நட்டு, 1978-லேயே முடித்தார்கள். சுமார் 10 லட்சம் ஹெக்டேர். மக்கள் உழைப்பைப் புகழ்வார்கள், சரிதான். ஆனால் ஊருக்கென்று விறகுத் தோப்புகள் நட்டதும், வீட்டு அடுப்புகள் நிலக்கரிக் கட்டிக்கு மாறியதும் இல்லாவிட்டால் அந்தக் கன்றுகள் அடுப்புக்குள்தான் போயிருக்கும். அது கண்டிப்பான ராணுவ ஆட்சிக்காலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கண்டிப்பை யாரும் நகலெடுக்க வேண்டியதில்லை.

இதை வனத்துறையே செய்யட்டுமே. ஊர் மக்கள் எதற்கு?

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக அரசு செய்த நடவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. மர அடர்த்தி கூடியதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. மக்கள் தீவனத்துக்கும் விறகுக்கும் விரும்பும் அகல இலை மரங்களின் பங்கு குறைந்திருந்தது. கன்று நட்டவர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. யாருடைய மாடு, யாருடைய அடுப்பு என்ற கேள்வி கேட்கப்படாத நடவு அப்படித்தான் முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நேபாளம். 1957-இல் அந்த அரசு தனியார் காடுகளைத் தேசியமயமாக்கியது. இனி நமது இல்லை என்று நினைத்த மலைவாசிகள் காவலைக் கைவிட்டார்கள், காடு வேகமாகக் கரைந்தது. பிறகு படிப்படியாகக் காட்டை ஊர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1993-ஆம் ஆண்டு வனச் சட்டம், காட்டைப் பயன்படுத்தும் ஊர்மக்களின் பயனாளர் குழுக்களைச் சட்டப்படியான அமைப்புகளாக்கியது. இன்று அப்படி 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. நாட்டின் காட்டுப் பரப்பு 1992-இல் சுமார் 26 சதவீதமாக இருந்தது, 2016-இல் சுமார் 45 சதவீதம். வெளிநாட்டு வேலைக்கு ஆட்கள் போய் மலைவயல்கள் தரிசாக விடப்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் குழுக்கள் தீயையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்திய இடங்களில் காடு திரும்பியது என்பதில் சந்தேகமில்லை. அதில் பெரும்பகுதி நட்டதல்ல, தானாக வந்தது.

நிலம் அரசுடையது. நாம் நட்ட மரம் நாளை யாருக்கு?

இதற்கு எழுத்தில் பதில் கிடைக்காமல் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். வாய்வார்த்தை அதிகாரி மாறியதும் மாறிவிடும். எல்லை வரைபடம், எத்தனை ஆண்டு உரிமை, பழம், தேன், விறகு, மரம் ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன பங்கு, வெளியாளைத் தடுக்க ஊருக்கு அதிகாரம் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். இந்தியாவில் 1990-இல் கூட்டு வன மேலாண்மை வந்தது. அது வனத்துறை தரும் ஏற்பாடு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தை, அதாவது ஊர் வழக்கமாகப் பயன்படுத்தி வந்த காட்டை, பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கு உரிமையே தருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எது இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்பதற்கு ஆகும் செலவும் காடு வளர்க்கும் செலவுதான்.

குழுவை எப்படி அமைப்பது? சண்டை வந்துவிடுகிறதே?

வரத்தான் செய்யும். பொதுவளங்களை மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நீண்டகாலம் நிலைத்த குழுக்களில் அவர் கண்ட பொது அம்சங்கள் மலைக்கு அப்படியே பொருந்தும். எல்லையும் உறுப்பினர் யார் என்பதும் தெளிவாக இருக்கும். விதியை அதனால் பாதிக்கப்படுபவர்களே எழுதியிருப்பார்கள். காவல் காப்பவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பார். அபராதம் முதலில் சின்னதாக இருந்து, திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஏறும். தகராறைத் தீர்க்கப் பக்கத்திலேயே மலிவான இடம் ஒன்று இருக்கும்.

இதோடு கணக்கு நோட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரவு செலவைப் பொதுச்சுவரில் ஒட்டாத குழு மூன்றாம் ஆண்டைத் தாண்டாது. நேபாளத்தில் குழு தன் வருமானத்தில் குறைந்தது கால் பங்கைக் காட்டுக்கே செலவிட வேண்டும், ஏழைக் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படியும் நிலமுள்ள குடும்பங்களே குழுவைப் பிடித்துக்கொள்வதாகப் புகார்கள் உண்டு.

பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை.

கூட்டத்தை அவர்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் போகும் நேரத்தில் வைக்காதீர்கள். தனியாக ஒரு கூட்டம் போட்டு அதன் முடிவைப் பொதுக்கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள். மலையில் யார் அதிகம் நடக்கிறார்களோ அவர்களுக்குத்தான் மலை தெரியும். 1974-இல் இமயமலையின் ரேணி கிராமத்தில் மரவெட்டிகளை மறித்து நின்றவர்கள் கௌரா தேவியும் அந்த ஊர்ப் பெண்களும்தான். ஆண்கள் அன்று ஊரில் இல்லை. கென்யாவில் 1977-இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமை வளைய இயக்கம் பெண்களின் நாற்றங்கால்களின்மேல் நின்றது. அவர் 2004-இல் அமைதிக்கான நோபல் பெற்றார். அந்த இயக்கத்தின் சின்ன ஏற்பாடு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: கன்று உயிர்பிடித்து நின்றால்தான் அதற்கு உண்டான சிறு தொகை.

பணத்துக்கு என்ன வழி? கார்பன் விற்கலாமா?

மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சி வைக்கும் கார்பனை அளந்து, தங்கள் புகைக்கு ஈடு தேடுபவர்களிடம் அதற்குப் பணம் வாங்குவதைத்தான் கேட்கிறீர்கள். விற்றவர்கள் உண்டு. மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் சிறு விவசாயிகள் 1990-களிலிருந்தே அப்படி ஒரு திட்டத்தில் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஹும்போவும் கார்பன் பணம் பெற்ற திட்டம்தான். ஆனால் அளவீடு, சரிபார்ப்பு, பதிவு என்று முன்செலவு அதிகம். சின்னக் குழுவால் தனியாகத் தாங்க முடியாது. ஒப்பந்தம் பல பத்தாண்டுகளுக்குக் கட்டிப்போடும், சந்தை விலையோ ஏறி இறங்கும். நடுவில் தீ வந்தால் பொறுப்பு யாருக்கு, தரகருக்கு எவ்வளவு பங்கு என்ற இரண்டு வரிகளையும் உங்கள் மொழியில் எழுதி வாங்கிப் படித்த பிறகே கையெழுத்து. கார்பனை மேல்வரும்படியாக வைத்துக்கொள்ளுங்கள். தேன், பழம், புல், நாற்று விற்பனை, தண்ணீர் பயன்படுத்தும் கீழூர்களிடமிருந்து வரும் சிறு பங்களிப்பு ஆகியவைதான் நிலையான வரவு.

வற்றிப்போன ஊற்று திரும்புமா?

திரும்பலாம், உடனே அல்ல. இளம் மரங்கள் வேகமாக வளரும்போது நிறையத் தண்ணீர் குடிக்கும். முதல் சில ஆண்டுகளில் ஓடை முன்பைவிடக் குறையவும் கூடும். அடர்த்தியான அந்நிய மரத்தோப்புகள் மலை ஓடைகளைக் குறைக்கின்றன என்பதால்தான் தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் தண்ணீருக்காக அத்தகைய மரங்களை வெட்டி அகற்றும் அரசுத் திட்டமே நடக்கிறது. மறுபக்கம், சருகு சேர்ந்து, மண்புழு வந்து, மண் பஞ்சுபோல் ஆகும்போது மழை உள்ளே இறங்கும். கோடை ஊற்றுக்கு அது கைகொடுக்கும். எது மேலோங்கும் என்பது மண், பாறை, மழை, மர வகை எல்லாவற்றையும் பொறுத்தது. மரம் நட்டால் தண்ணீர் நிச்சயம் என்று ஊருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வண்டல் குறையும், வெள்ளம் தணியும், சரிவு நிற்கும் என்று சொல்லுங்கள். அதுவே போதுமான காரணம்.

வெற்றி பெற்றோமா என்று எப்படி அளப்பது?

நட்ட எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். முதல் வட்டங்களுக்கே ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முடிவில், அதே 5 மீட்டர் கயிற்றோடு போய் உயிரோடு இருப்பவை எத்தனை, நடாமல் வந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். குறித்த ஒரே இடத்திலிருந்து ஒரே திசையில் ஒரு படம். ஓடைநீர் மழைக்குப் பிறகு எத்தனை நாளில் தெளிகிறது என்று ஒரு குறிப்பு. நடாத மரம் ஒன்று முதன்முதலாக வட்டத்துக்குள் தென்படும் ஆண்டை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

நாங்கள் வெளியூர். ஒரு நாள் வந்து உங்களோடு கன்று நடலாமா?

வாருங்கள். ஆனால் நடவு நாளன்று ஆள் குறைவே இருக்காது. நட்டு ஆறாவது வாரம், களை கன்றைவிட உயரமாக நிற்கும், அட்டைக்கடி நிச்சயம், படம் எடுத்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த வாரம் வாருங்கள். அரிவாள் இங்கேயே இருக்கிறது, கையுறை மட்டும் கொண்டுவந்தால் போதும். குச்சி நட்ட இடத்தில் கன்று இருக்கிறது, பார்த்து வெட்டுங்கள்.